வடிவு வீட்டு வாசல் செருப்புகள்

சங்கரன்கோவில் கீழப் புதுத்தெருவில் பலவேசம் என்று ஒரு கண்டக்டர் இருந்தார். அரசுப் பேருந்தில் விசில் ஊதி ஓய்வு பெற்றவர், சில்லறை இல்லாதவனைப் பாதி வழியில் இறக்கிவிடும் அளவுக்குக் கறாரானவர், சொன்ன சொல்லை மாற்றுவது ஆம்பளைக்கு அழகில்லை என்று டீக்கடையில் தினமும் அறிவிக்கிறவர். அவர் ஒருநாள் சாயங்காலம் டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினால், தன் செருப்பைக் கழற்றிவிட வாசலில் இடமில்லை.

படியெல்லாம் செருப்பு. தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, குதிகால் வைத்தது, வார் அறுந்து ஊக்கு குத்தியது, கல்யாணத்துக்கு வாங்கி ஒரே தடவை போட்டது, பள்ளிக்கூடத்து கறுப்பு ஷூ என்று கோலத்தை மூடி, நடையை அடைத்து, தெரு பாதி வரைக்கும் கிடந்தது. ஒரு வீட்டு வாசலில் இவ்வளவு செருப்பு கிடந்தால் ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. வீட்டுக்காரனுக்குச் சொல்லாமல் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் மிச்சம் இருப்பது இன்னதுதான் என்று கணக்குப் போட்ட பலவேசம், தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, "ஏளா வடிவு, என்னை ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டியே" என்று கதறியபடி உள்ளே ஓடினார். அவருடைய சத்தத்தைக் கேட்டு எதிர் வீட்டு ஆவுடையம்மாள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடிக்கத் தயாராகப் பின்னாலேயே வந்தாள்.

உள்ளே ஒரு ஆளும் இல்லை. அவருடைய மனைவி சண்முகவடிவு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, கெணத்துக்குப் பின்னால ஒருத்தன் பம்முதான் பாரு, விடாத, போடு!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அழுதிய? யாரு செத்துட்டாவ?" என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீதான்," என்றார் பலவேசம்.

"நான் இன்னும் சாகல. எங்கூட வந்த பயதான் பாலத்துல செத்துட்டான். கொஞ்சம் சும்மா இருங்க, லைவ் போய்க்கிட்டு இருக்கு."

ஆவுடையம்மாள் அவிழ்த்த முடியை அள்ளி முடிந்துகொண்டு, வந்ததுக்கு ஒரு காபி குடித்துவிட்டுப் போனாள்.

விஷயம் இவ்வளவுதான். வானத்திலிருந்து குடையில் குதித்து, ஒரு தீவில் ஓடி ஒளிந்து, ஒருத்தரை ஒருத்தர் சுட்டு, கடைசியாக உயிரோடு நிற்கிறவர் ஜெயித்தவர் என்றொரு விளையாட்டு. மாடியில் வாடகைக்கு இருந்த பாலிடெக்னிக் பையன்கள் காலி செய்து போகும்போது வடிவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்து, அவள் ஆடுவதை உலகமே பார்க்கும்படி 'வடிவு அத்தை' என்று ஒரு சேனலும் திறந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வடிவு மற்றவர்களைப் போல ஆடவில்லை. எதிரியைக் குறி பார்த்துச் சுடுவாள், சுட்ட கையோடு அவன் விழுந்த இடத்துக்கு ஓடிப்போய், "எந்தப் பெத்தவ பிள்ளையோ, மத்தியானம் சாப்பிட்டானோ இல்லியோ, இப்படி வெயில்ல கெடக்கானே" என்று ராகம் போட்டு ஒப்பாரி வைப்பாள், வைத்துக்கொண்டே அவன் பையிலிருந்த தோட்டாக்களை எல்லாம் எடுத்துக்கொள்வாள். ஜனங்களுக்கு அது பிடித்துப்போனது. செத்தவர்களே திரும்பி வந்து, அத்தை கையால் சாவதும் ஒரு கொடுப்பினைதான் என்று கீழே எழுதினார்கள். பார்க்கிறவர்கள் கூடக்கூட, எந்த ஊரில் எந்தக் கட்டிலில் சாய்ந்து பார்த்தாலும் அவர்களுடைய செருப்பு இந்த வாசலுக்கு வந்தது, பார்த்து முடித்தால் போனது.

தெரு இதை ஒரே நாளில் ஏற்றுக்கொண்டது. அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிறவன் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தானே நுழைய வேண்டும், ஆள் எப்படி வந்தான் என்பது அவன் பாடு, மரியாதை தெரிந்து வந்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். செருப்பு தைக்கிற மாடக்கண்ணு பெட்டியோடு வந்து உட்கார்ந்து, அறுந்த வாரையெல்லாம் தைத்துப் போட்டான். சேலத்திலும் சிங்கப்பூரிலும் ஆட்கள் காலையில் எழுந்து, பிய்ந்திருந்த செருப்பு சரியாகியிருப்பதைப் பார்த்து, அத்தை பேரைச் சொல்லிக் கும்பிட்டார்கள். கல்யாணத் தரகர் ஒருத்தர் வரிசையாகக் குனிந்து பார்த்து, இது சம்பளக்காரன் செருப்பு, இது மாமியாருக்கு அடங்கின பெண்ணின் செருப்பு என்று குறித்துக்கொண்டு போனார். கனடாவிலிருந்து பனி ஒட்டின பூட்ஸ் வந்தபோது தெருப் பிள்ளைகள் அந்தப் பனியைச் சுரண்டித் தின்றார்கள். ஒருநாள் போலீஸ் பூட்ஸ் ஒரு ஜோடி வந்து கிடந்ததில் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது, அப்புறம் விசாரித்தால் சந்தைப் பக்கம் காவலுக்கு நின்ற ஏட்டையா தொப்பிக்குள் போனை வைத்துப் பார்த்திருக்கிறார். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு ஜோடி மரப் பாதுகையும் வந்து கிடந்தது. அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

மேலத் தெருவிலும் இதே விளையாட்டை ஆடுகிற ஒருத்தன் இருந்தான். அவன் வாசலில் நாலைந்து ரப்பர் செருப்புதான் கிடக்கும். பொறாமை தாங்காமல், பழைய செருப்பை மூட்டையாக வாங்கிவந்து தன் வாசலில் பரப்பி, படம் பிடித்துப் போட்டான். ஊர் நம்பிவிட்டது. ஆனால் ராத்திரி எல்லா வாசலிலும் செருப்பு கலைந்த பிறகும் அவன் வாசலில் அத்தனையும் அப்படியே கிடக்க, வீட்டுக்குள் ஏதோ விடிய விடிய விசேஷம் என்று நினைத்துச் சொந்தக்காரர்கள் சாப்பிட வந்துவிட்டார்கள். அவன் அதற்கப்புறம் சமையல் சேனலுக்கு மாறிவிட்டான்.

எங்கே கூட்டம் சேர்ந்தாலும் ஒழுங்கு பண்ணாமல் இருக்க முடியாத கை பலவேசத்தினுடையது. மனைவி துப்பாக்கி தூக்கியதில் அவருக்கு உடன்பாடு இல்லை, அவள் ஆடுவதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனால் செருப்பு தாறுமாறாகக் கிடப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? பரணில் கிடந்த விசிலை எடுத்துக் கழுவிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, படியில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பெண்கள் செருப்பு இடது பக்கம், ஆண்கள் செருப்பு வலது பக்கம், சின்னப் பிள்ளைகளுடையது நடுவில். புதுச் செருப்பு வந்து விழ விழ, "முன்னால நகரு, முன்னால நகரு, உள்ள அவ்வளவு இடம் கெடக்கு" என்று காலால் தள்ளி அடுக்குவார்.

"ஏங்க, அப்படியே எதிர்ல கெடக்கதையும் ஒரு கண்ணு பாத்துக்கிடுங்க," என்று வடிவு உள்ளேயிருந்து சொல்வாள்.

"அது ஆவுடை வீட்டுச் செருப்பு, எனக்கு எதுக்கு?" என்பார் அவர்.

அந்தச் செருப்பு அங்கேதான் கிடந்தது. தெருவுக்கு எதிர்ப்புறம், ஆவுடையம்மாள் வீட்டுச் சாக்கடைக் கல்லோரம், ஒன்று மல்லாந்தும் ஒன்று குப்புறவும், யாரோ வீசி எறிந்த தினுசில். வடிவு ஆட ஆரம்பித்தால் வந்துவிடும், கடைசிச் செருப்பாகப் போகும். இடது செருப்பின் குதி உள்பக்கம் சாய்ந்து தேய்ந்திருக்கும்.

பலவேசத்துக்கு அந்தத் தேய்மானம் தெரியும். அவருடைய ஒரே மகள் செண்பகம் நடக்கப் பழகின நாளிலிருந்து இடது காலைச் சாய்த்துத்தான் வைப்பாள், ஏளா, நேரா நட என்று அவர் அதட்டாத நாளில்லை. அவள் ஓசூரில் கூட வேலை பார்த்த மரியஜெகன் என்ற தூத்துக்குடிப் பையனைக் கட்டிக்கொண்டு, ஆசீர்வாதம் வாங்க வந்து நின்ற அன்றைக்குத்தான் பலவேசம் தெருவே கேட்கும்படி சொன்னார்: "இனிமே உன் செருப்பு என் வாசல்ல கெடக்கக் கூடாது." சொன்னதோடு நிற்கவில்லை. அவள் கழற்றிவிட்டிருந்த செருப்பை எடுத்து எதிர்ச் சாக்கடையைப் பார்த்து எறிந்தார். ஒன்று மல்லாந்து விழுந்தது, ஒன்று குப்புற விழுந்தது. அவள் அழாமல் போய்ப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அதற்குப் பிறகு ஒரு பேத்தி பிறந்ததாக ஊர் சொல்லித்தான் கேள்வி. வடிவு அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. போனை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

அது யாருடைய செருப்பு என்பது ஸ்டூல் போட்டு உட்கார்ந்த முதல் நாளே பலவேசத்துக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் அது ஆவுடை வீட்டுச் செருப்பு என்றே சாதித்தார். நிமிர்ந்து தெருவைப் பார்க்காமல் இருப்பதற்காகவே குனிந்து குனிந்து அடுக்கினார், அடுக்கினதையே கலைத்து மறுபடியும் அடுக்கினார். உள்ளே வடிவு குண்டு மழைக்கு நடுவில், யாரைக் கேட்கிறாள் என்று சொல்லாமல், "சாப்பிட்டியாம்மா? பிள்ளைக்கு சளி தேவலையா?" என்று கேட்கும்போதெல்லாம் அவர் அடுக்குகிற ஜோடி மாறிப்போகும். உலகத்தில் அத்தனை பேருக்கும் பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இதற்கு நடுவில்தான் நாய் விவகாரம் வந்தது. தெருவில் மைனர் என்று ஒரு நாய். அது ஒருநாள் வலதுபக்க வரிசையிலிருந்து ஒரு ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு போய் எங்கேயோ புதைத்துவிட்டது. வடிவு விளையாட்டை முடித்து விளக்கேற்றின பிறகும் அதன் மற்ற ஒற்றை வாசலிலேயே கிடந்தது. மறுநாள் வடிவு போனைத் திறந்தால், ஈரோட்டுக்காரன் ஒருத்தன் எழுதியிருந்தான்: "அத்தை, என்னால உங்க வீட்டை விட்டு வெளிய போக முடியல. போனை மூடினாலும் உங்க வீடுதான் தெரியுது. நேத்து ராத்திரி உங்க ரசம் பொங்கினப்ப சொல்லணும்னு தவிச்சேன், கேக்கவா போகுது?" பாவம், அவன் அப்படியே போனும் கையுமாகப் பெண் பார்க்கப் போய், அங்கேயும் தலை நிமிராமல் வடிவு கத்தரிக்காய் நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க, பெண்ணின் அப்பா எழுந்து கத்தப்போன நேரத்தில், பெண் எட்டிப் பார்த்து, "அட, இது நம்ம வடிவு அத்தை வீடுல்ல?" என்றதில் சம்பந்தம் முடிந்துவிட்டது. தெருவே சேர்ந்து தேடி, முருங்கை மரத்து மூட்டில் தோண்டி எடுத்து ஜோடி சேர்த்த பிறகுதான் செருப்பு மறைந்தது, அவனுக்கும் விடுதலை கிடைத்தது. அன்றிலிருந்து தெருவுக்கு ஒன்று விளங்கிவிட்டது. வாசலில் செருப்பு இருக்கும் வரை ஆள் வீட்டுக்குள் இருக்கிறார். செருப்பு தொலைந்தால் ஆள் பாடு திண்டாட்டம்.

கார்த்திகை பிறந்து ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. வடிவு உள்ளே ஆட்டம் முடியப்போகிற கடைசி வட்டத்தில் நின்றாள், வாசலில் அன்றைக்கென்று செருப்பு குவிந்து கிடந்தது. பலவேசம் விசில் அடித்துத் தார்ப்பாய் வரவழைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களை நாலு மூலையிலும் பிடிக்கச் சொல்லி, ஒரு ஜோடிகூட நனையாமல் மூடிவிட்டார். மூடிவிட்டு நிமிர்ந்தபோது, இத்தனை நாளாகப் பார்க்கக் கூடாது என்று வைத்திருந்த திசையைப் பார்த்துவிட்டார்.

சாக்கடை நிரம்பிக் கல்லுக்கு மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மல்லாந்து கிடந்த செருப்பு நிறைய நேரமாக ஆடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புரண்டு, மிதந்து, தெருக்கோடியைப் பார்க்கப் புறப்பட்டது.

"அண்ணாச்சி, அந்தச் செருப்பு போகுது!" என்று தார்ப்பாய் பிடித்தவன் ஒருத்தன் கத்தினான்.

அது ஆவுடை வீட்டுச் செருப்பு என்று சொல்ல பலவேசம் வாயைத் திறந்தார். வாயில் விசில் இருந்தது. அது தானாக ஊதிவிட்டது. அந்த வயதில், அந்த மழையில், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடுகிற பேருந்தை நிறுத்துகிறவர் கணக்காக விசிலடித்தபடி அவர் சாக்கடையோடு ஓடினார். செருப்பு முக்கில் திரும்பியது, அவரும் திரும்பினார். அங்கிருந்த சாக்கடைப் பாலத்துக்கு அடியில் அது நுழையப்போன நேரத்தில் தண்ணீருக்குள் குப்புற விழுந்து வாரைப் பிடித்துவிட்டார். எழுந்து நின்று அதை மாரோடு அணைத்துக்கொண்டு, மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் வாய்விட்டு அழுதார்.

திரும்பி வந்து மற்ற ஒற்றையையும் எடுத்தார். கையில் ஒரு ஜோடி, நடுத்தெருவில் அவர். தெரு முழுவதும் அவரவர் வீட்டு நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆவுடை, இதை உன் படியில ஓரமா வச்சுக்கிடுதியா?" என்றார்.

ஆவுடையம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்க வீட்டுக்கு யாரும் வரலயே அண்ணாச்சி. வந்தவுக செருப்பு வந்த வீட்டு வாசல்லதான் கெடக்கணும். நீங்கதான எங்களுக்கெல்லாம் வரிசை சொல்லிக்குடுத்திய?" என்றாள். தெருவில் யாரோ சிரித்தார்கள்.

பலவேசம் கையைப் பார்த்தார். இடது குதி உள்பக்கம் சாய்ந்து, முன்னைவிட மோசமாகத் தேய்ந்திருந்தது. சொன்ன சொல் ஒரு பக்கமும் இந்தத் தேய்ந்த குதி ஒரு பக்கமுமாக அவர் நின்ற நேரம் ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் அத்தனை வருஷத்துக் கறாரும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நனைந்து இளகிவிட்டது. விறுவிறுவென்று தெருவைக் கடந்து வந்தார். தார்ப்பாயைத் தூக்கவில்லை, வரிசையில் சேர்க்கவில்லை. படியேறி, நிலைக்குப் பக்கத்தில், வீட்டு ஆட்கள் மட்டும் கழற்றிவிடுகிற இடத்தில், தன் செருப்புக்கு அருகில் அதை ஜோடியாக வைத்து, துண்டால் ஈரத்தைத் துடைத்தார்.

"விளக்கு வைக்கிற நேரமாச்சு, எல்லாரும் போயிட்டு வாங்க மக்களே," என்று உள்ளே வடிவின் குரல் கேட்டது. தார்ப்பாய்க்கு அடியில் ஜோடி ஜோடியாகச் செருப்புகள் காணாமல் போய், தார்ப்பாய் தரையோடு தரையாகப் படுத்தது. நிலைக்குப் பக்கத்தில் வைத்தது மட்டும் போகவில்லை. பலவேசம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஈரோட்டுக்காரன் நினைவு வந்து, குனிந்து ஜோடி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்.

"வடிவு, ஒரு ஆளு இன்னும் போகல."

"யாரு?" என்றாள் வடிவு, நல்ல பிள்ளை மாதிரி.

"தெரியாதவ கணக்கா கேக்காத."

அடுக்களையில் ஒரு தட்டம் நகர்ந்தது. சட்டியின் மூடியை யாரோ திறந்து, கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கி, உறிஞ்சிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"எம்மா," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல், "ரசத்துக்கு உப்பே போடலியா நீ? என்னத்தக் கவனத்துல வச்ச?"

வடிவு சிரித்துக்கொண்டே அழுதபடி உள்ளே ஓடினாள். பலவேசம் சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்றார். மகளே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையில் கரண்டி, முகத்தில் கோபம் மிச்சமிருந்தது.

"இப்படியா நனைவிய? தலையைத் துடைங்க முதல்ல," என்றாள். அவர் செருப்புத் துடைத்த துண்டாலேயே தலையைத் துடைத்துக்கொண்டார்.

கட்டிலில் கிடந்த போன் அடித்தது. வடிவு எடுத்து, அந்தப் பக்கம் கத்துகிறவன் சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உங்களுக்குத்தான்," என்று பலவேசத்திடம் நீட்டினாள். போன் கை மாறினது தெரியாமல் மரியஜெகன் ஓசூரிலிருந்து அழாத குறையாகச் சொன்னான்: "அத்தை, செண்பகத்தைக் காணோம். சோபாவுல உக்காந்து உங்க கேம்தான் பாத்துக்கிட்டு இருந்தா. போன் கெடக்கு, அவளை மட்டும் காணல. பிள்ளை அம்மா எங்கன்னு கேக்குது."

பலவேசம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பையனோடு அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மாப்ள," என்றார். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவ்வளவு கஷ்டமாக இல்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "பயப்படாதிய, அவ செருப்பு இங்கதான் கெடக்கு. உங்க அத்தை நாளைக்குச் சாயங்காலமும் ஆடுவா. நீங்களும் பிள்ளையும் உக்காந்து பாருங்க. செருப்பு எங்க வந்து விழுந்தாலும் சரி, நான் எடுத்து வைக்கேன்."

மறுநாள் வடிவு காதில் ஒயரை மாட்டுவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே பலவேசம் வாசலுக்கு வந்துவிட்டார். நிலைக்குப் பக்கத்தில் மகளுடைய செருப்பும் அவருடைய செருப்பும் கிடந்தன. ஒரு பெரிய ஜோடிக்கும் ஒரு சின்ன ஜோடிக்கும் இடம் வேண்டும் என்று குனிந்து கையால் அளந்து பார்த்தார், போதவில்லை. தன் செருப்பை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, ஆவுடையம்மாள் வீட்டுச் சாக்கடைக் கல்லோரம், மகளுடைய செருப்பை அன்றைக்கு அவர் எறிந்த அதே இடத்தில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு திரும்பி வந்து, விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.